ஊதாக் கட்டத்துக்குள் வந்த முகம்

நீ வாங்கிக் கொடுத்த கேமராவைப் பற்றி எழுதித் தரச் சொல்லி, எங்கள் புகைப்படக்காரர்கள் சங்கத்து இதழிலிருந்து கேட்டிருக்கிறார்கள். இந்த வயதில் ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் என்கிற புது வகைக் கேமராவுக்கு மாறியவன் சங்கத்தில் நான் ஒருவன்தானாம். முதல் அனுபவத்தை எழுதினால் மற்ற பெரியவர்களுக்கும் தைரியம் வரும் என்றார் இதழைப் பார்த்துக்கொள்கிறவர். எழுத உட்கார்ந்தேன். எடை, லென்ஸ், பேட்டரி என்று நாலு வரி எழுதியதும் கை நின்றுவிட்டது. அந்தக் கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டு நான் பேசிய பேச்சை மறைத்துவிட்டு, கேமராவின் நல்லது கெட்டதை மட்டும் எழுத என்னால் முடியவில்லை. அதனால் கட்டுரையாக எழுதாமல் உனக்கே எழுதுகிறேன். அவர்கள் அச்சிடுவதானால் இப்படியே அச்சிடட்டும். உன்னைப் பற்றியும் நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணைப் பற்றியும் நான் பேசியதெல்லாம் நாலு பேர் காதில் விழும்படிதான். இதை மட்டும் உறையில் போட்டு ஒட்டி அனுப்புவது நியாயமில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன்மேல் எனக்கு இருக்கிற வருத்தம் போய்விடவில்லை. ஒருநாள் காலையில் போன் செய்து, "முடிவு பண்ணிட்டேன்பா" என்றாய். கேட்கவில்லை, சொன்னாய். பெற்றவனை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன். மண்டபம் வேண்டாம், மேளம் வேண்டாம், பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறாயே, அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆயிரம் கல்யாணத்தில் கேமராவோடு நின்றவன் வீட்டுக் கல்யாணம் ஒரு கூடைப் பூகூட இல்லாமல் நடக்கிறது என்று ஊர் பேசும். ஆனால் இந்த வருத்தத்தை நான் எதற்காகப் பயன்படுத்திக்கொண்டேன் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னதும் நான் கேட்ட முதல் கேள்வி, என்ன படித்திருக்கிறாள் என்பதல்ல, எப்படிப்பட்ட குணம் என்பதுமல்ல. "என்ன ஆளுங்க?" என்று கேட்டேன். நீ சொன்னாய். நான் போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு யார் கேட்டாலும், "எங்களை ஒரு வார்த்தை கேக்கலியே, அதான் மனசு ஆறல" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். சொல்வதற்கு மரியாதையாக இருக்கிற காரணம் அது. மற்ற காரணத்தை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

உன் அம்மா கண் ஆபரேஷனுக்காகச் சென்னை வந்து உன் வீட்டில் தங்கியபோதும் நான் வரவில்லை. பஸ் ஏற்றிவிட்டு, பஸ் நிலையத்தோடு நின்றுகொண்டேன். திரும்பி வரும்போது அவள் மடியில் ஒரு கறுப்புப் பை இருந்தது. வழியெல்லாம் யாரையும் அதன்மேல் இடிக்க விடாமல் கொண்டுவந்திருக்கிறாள். "புள்ள குடுத்துது. பழசையே வெச்சுக்கினு எத்தினி நாளிக்கு மல்லாடுவாருன்னு கேட்டுது" என்றாள். "இன்னா, லஞ்சமா?" என்றேன். அவள் பையை பீரோமேல் வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். பை அங்கேயே கிடந்தது. தொட மாட்டேன் என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன். ஆனால் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே கடை வைத்திருப்பவனுக்குத் திங்கட்கிழமை என்றால் என்னவென்று உனக்குத் தெரியும். மனு கொடுக்க வருகிறவர்கள் அத்தனை பேரும் போட்டோவுக்கு வந்து நிற்பார்கள். அப்படி ஒரு திங்கட்கிழமையில் பழைய கேமராவின் ஷட்டர் பாதியில் மாட்டிக்கொண்டு திறக்கவே இல்லை. வெளியே வரிசை நிற்கிறது. வீட்டுக்குப் போன் செய்து அந்தப் பையைக் கொண்டுவரச் சொன்னேன். உன் கேமராவை நான் எடுத்தது உன்மேல் இருந்த கோபம் தணிந்ததால் அல்ல, வேறு வழி இல்லாததால்.

கேமராவைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கையில் எடுத்ததும் உள்ளே ஒன்றுமே இல்லையோ என்று சந்தேகம் வந்தது, அவ்வளவு லேசு. லென்ஸைக் கழற்றிப் பார்த்தேன். பழைய கேமராவில் ஒரு கண்ணாடி இருக்கும், படம் பதிகிற சென்சார் அதற்குப் பின்னால் மறைவாக இருக்கும். இதில் எடுத்த எடுப்பிலேயே சென்சார் வெட்டவெளியில் பளபளவென்று தெரிகிறது. நம் ஊர்ப் புழுதிக்கு இது தாங்குமா என்று பயந்து உடனே மூடினேன். வியூஃபைண்டரில் கண்ணை வைத்தால் எதிரில் இருப்பது தெரிவதில்லை, எதிரில் இருப்பதன் படம்தான் தெரிகிறது. சின்ன டிவியைக் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்ப்பது போல. எனக்கு அது இன்னும் பழகவில்லை, பழகவும் வேண்டாம். பேட்டரி மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. முதல் நாள் இன்னொரு கூத்து நடந்தது. ஸ்டூடியோ ஃபிளாஷுக்கு வழக்கமாக வைக்கிற அளவுகளை வைத்துவிட்டு வியூஃபைண்டரில் பார்த்தால் ஒரே கும்மிருட்டு. கேமரா செத்துவிட்டது என்றே நினைத்தேன். ஃபிளாஷ் அடிக்கப் போவது அதற்குத் தெரியாது. அறை வெளிச்சத்தில் எடுத்தால் படம் எப்படி வருமோ, அப்படியே இருட்டாகக் காட்டுகிறது. இதைக் கண்டுபிடித்து, மெனுவுக்குள் புகுந்து புகுந்து அந்த வசதியை அணைப்பதற்குள் கடை வாசலில் இருந்த பாதி ஜனம் அடுத்த கடைக்குப் போய்விட்டது. உன்னை ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் நிமிடத்தில் முடிகிற வேலை. கூப்பிடவில்லை.

கூப்பிடாததற்கு நம் சண்டை மட்டும் காரணமல்ல. நான் யாரையும் எதையும் கேட்டுக் கற்றவன் அல்ல. வேலைக்குச் சேர்ந்த ஸ்டூடியோவில் முதலாளி என்னைப் படம் கழுவுகிற டார்க் ரூம் பக்கம் விடமாட்டார். கூட்டிப் பெருக்கும்போது குப்பையில் கிடக்கிற கெட்டுப்போன பிரிண்ட்டுகளை எடுத்துவந்து, இது ஏன் கறுத்தது, இது ஏன் வெளுத்தது என்று நானே யோசித்துக் கற்றேன். ஒருமுறை துணிந்து கேட்டேன். "கத்துக்கினு எதிர்லயே கடை வெக்கவா?" என்று எல்லார் முன்னாலும் சிரித்தார். அன்றைக்கு எடுத்த முடிவு, இனி எவனையும் கேட்பதில்லை என்று. அது எனக்குச் சோறு போட்டது. அதையே பெருமையாகச் சொல்லிச் சொல்லி உன்னையும் வளர்த்தேன். கேட்கிறவன் தாழ்ந்தவன் என்று உன் தலையில் ஏற்றினேன். நீ அந்தப் போனில் என்னைக் கேட்காமல் சொன்னாயே, யாரிடம் கற்றாய் என்று இப்போது யோசிக்கிறேன். கேட்காதே என்று வளர்த்தவன், ஏன் கேட்கவில்லை என்று கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் கேமரா நல்ல கேமரா. அதை மறுக்க மாட்டேன். எதிரில் ஆள் வந்து உட்கார்ந்ததும் அது தானாகவே முகத்தைக் கண்டுபிடித்து, முகத்தில் கண்ணைக் கண்டுபிடித்து, அதன்மேல் சின்னக் கட்டம் போட்டுக்கொள்கிறது. ஆள் அசைந்தால் கட்டமும் கூடவே அசைகிறது. நாற்பது வருஷமாக என் கை செய்த வேலையை அது கேட்காமலே செய்கிறது. கண் இமை மயிரை ஒவ்வொன்றாக எண்ணலாம். மனு கொடுக்க வருகிற கிழவிகளின் முகத்தில் ஒரு கோடு தப்பாமல் விழுகிறது. இந்தக் கட்டம் எல்லோருக்கும் வெள்ளையாகத்தான் வரும். உன் அம்மாவை வீட்டில் வைத்துச் சோதித்துப் பார்த்தபோது மட்டும் ஊதா நிறத்தில் வந்தது. மறுபடி மறுபடி பார்த்தேன். அவள் முகத்துக்கு மட்டும் ஊதாதான். யோசித்தேன். அம்மா தினமும் மஞ்சள் பூசிக் குளிக்கிறவள். அந்த நிறத்தைக் கேமரா வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறது, வெளிச்சக் கணக்கு சரியாக வருவதற்காகக் கட்டத்தின் நிறத்தை மாற்றி எச்சரிக்கிறது என்று முடிவு கட்டினேன். பக்கத்து ஜெராக்ஸ் கடைப் பெண் மஞ்சள் பூசாதவள், அவளுக்கு வெள்ளைக் கட்டம் வந்தது. கணக்கு சரியாகிவிட்டது. சங்கக் கூட்டத்திலேயே இதை எடுத்துச் சொன்னேன். இரண்டு மூன்று பேர் குறித்துக்கொண்டார்கள். அவர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து குறித்ததை அடித்துவிடட்டும்.

இனி சொல்லக் கூசுகிற இடத்துக்கு வருகிறேன். கடையில் என் வழக்கம் உனக்குத் தெரியும். போட்டோவுக்கு உட்கார்ந்தவர் முகம் விறைப்பாக இருந்தால் பேச்சுக் கொடுப்பேன். எந்த ஊர், என்ன மனு, பட்டாவா, பென்ஷனா என்று கேட்டால் முகம் இளகும், அப்போது எடுப்பேன். உன் விஷயம் வந்த பிறகு இந்த வழக்கம் தலைகீழாகிவிட்டது. அவர்கள் பேசுவதற்குப் பதில் நான் பேசினேன். கலெக்டரிடம் மனு கொடுக்க வந்தவர்களிடம் நான் என் மனுவைக் கொடுத்தேன். பையன் இப்படிச் செய்துவிட்டான், ஒருத்தி மடக்கிவிட்டாள் என்று ஆரம்பித்தால், அவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். எனக்கு அது வேண்டியிருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தவர்கள் எழுந்து போகவும் முடியாது, எதிர்த்துப் பேசவும் மாட்டார்கள். போட்டோ எடுக்கிறவனை யார் பகைத்துக்கொள்வார்கள்?

அன்றைக்குக் கூட்டம் கம்மி. வெயில் உச்சியில் நின்ற நேரம் ஒரு பெண் வந்தாள். சுடிதார், தோளில் பை, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பு. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வேண்டும் என்றாள். முகமெல்லாம் வேர்த்திருந்தது. இப்படியே எடுத்தால் நெற்றி மின்னும் என்று சொல்லி, உட்காரச் சொல்லி, நானே பானையிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். வாங்கிக் குடித்துவிட்டு, சொம்பை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள். நல்ல வீட்டுப் பெண் என்று மனதுக்குள் நினைத்தேன். இதை நான் சேர்த்துச் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். ஸ்டூலில் உட்கார்ந்ததும், எதற்குப் போட்டோ என்று கேட்டேன்.

"கல்யாணத்த ரிஜிஸ்டர் பண்றதுக்கு சார்."

வீட்டில் தெரியுமா என்று கேட்டேன். எங்கள் வீட்டில் தெரியும், அவங்க வீட்டில்தான் என்று இழுத்தாள். அவளை முடிக்க விட்டிருக்கலாம். ஏதோ சொல்லத்தான் வாயெடுத்தாள். நான் விடவில்லை. எனக்குக் கல்யாண ரிஜிஸ்டர் என்ற சொல்லே போதுமாக இருந்தது. உனக்கு இதை அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தையைக்கூட நல்லதாக மாற்றவில்லை.

"என் பையனும் இதே கதைதாம்மா. மெட்ராஸ்ல வேலை. எவளோ ஒருத்தி நல்லா மடக்கிட்டா. கீழ்பென்னாத்தூர்க்காரியாம், பேரு கூட நான் கேக்கல. நம்ம ஆளுங்களும் இல்ல. நாளைக்கு சம்பந்தி வூடுன்னு அங்க போயி ஒரு சொம்புத் தண்ணி வாங்கிக் குடிக்க முடியுமா என்னால?"

அவள் உச்சுக்கொட்டவில்லை. நேராகக் கேமராவைப் பார்த்தாள். நான் வியூஃபைண்டரில் கண்ணை வைத்தேன். அவள் கண்மேல் கட்டம் விழுந்திருந்தது, ஊதா நிறத்தில். என் பேச்சு மாறியது. மஞ்சள் பூசிக் குளிக்கும் பழக்கம் உண்டாம்மா என்று கேட்டேன். இல்லையே, ஏன் என்றாள். இந்தக் காலத்துப் பெண்ணுக்கு ஒரு விஷயம் சொல்லிக் கொடுக்கிற சந்தோஷத்தில், மஞ்சளையும் வெளிச்சக் கணக்கையும் கட்டத்தின் நிறத்தையும் விளக்கினேன். சோப்பில் மஞ்சள் கலந்திருக்கும், நீ கவனித்திருக்க மாட்டாய் என்றுகூடச் சொன்னேன். அவள் மடியில் இருந்த பையின் வாரை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அது மஞ்சளுக்கு இல்ல சார். யாரோட முகத்த முன்னாடியே கேமராவுல சேத்து வெச்சிருக்காங்களோ, அவங்க எதிர்ல வந்தா ஊதாவுல காட்டும். கூட்டத்துல இருந்தாலும் அவங்களத்தான் மொதல்ல புடிக்கும்."

"உனக்கெப்படிம்மா தெரியும்?"

"சேக்கும்போது பக்கத்துல இருந்தேன் சார். மொதல்ல அத்தைய சேத்தாரு. அப்புறம் என்னைய."

நான் கேமராவிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. எடுத்தால் அவளைப் பார்க்க வேண்டியிருக்கும். உள்ளே பார்த்தாலும் அவள்தான் இருந்தாள், நான் நினைத்ததைவிடப் பெரிதாக, கண்ணில் நீர் கோத்துக்கொண்டு, அது விழாமல் பிடித்துக்கொண்டு. மற்றவர்கள் இந்தக் கேமராவின் துல்லியத்தைப் பற்றிக் கேட்பார்கள். அந்தத் துல்லியத்தில் நான் முதலில் பார்த்தது அதைத்தான். அந்த இடத்தில் மனிதன் ஒருவன் என்ன செய்வான்? கேமராவை வைத்துவிட்டு எதிரில் போய் நின்று ஏதாவது சொல்லியிருப்பான். நான் செய்யவில்லை. என் வாயிலிருந்து வந்தது, தினமும் நூறு பேரிடம் சொல்கிற அதே வார்த்தை: "மோவாய கொஞ்சம் நிமுத்தும்மா." அவள் நிமிர்த்தினாள். எடுத்தேன். வாடிக்கையாளராக வந்திருந்தால் நான் என்ன செய்வேனோ, ஒன்று குறையாமல் அத்தனையும் செய்தேன்.

கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்ததும் என் கை வழக்கம்போல முகத்தை வெளுப்பாக்கப் போனது. நம் ஊரில் யார் முகமும் என் கடையிலிருந்து உள்ளபடி வெளியே போனதில்லை. நீ ஆறாவது படிக்கும்போது ஸ்கூல் அடையாள அட்டைக்கு உன் படத்தை அப்படி வெளுப்பாக்கி அனுப்பி, உன் டீச்சர் இது யார் போட்டோ என்று திருப்பி அனுப்பினாரே, நினைவிருக்கிறதா? நீ அழுதுகொண்டே வந்து, என் நிறம் அசிங்கமா இருக்காப்பா என்று கேட்டாய். எல்லோருக்கும் செய்வதுதான் என்று அதட்டினேன். இவள் அழவில்லை. பின்னால் வந்து நின்று, "அப்படியே இருக்கட்டும் சார். ஆபீஸ்ல என் முகத்தத்தானே பாப்பாங்க" என்றாள். கையை எடுத்துவிட்டேன். பிரிண்ட் எடுத்து, வெட்டி, கவரில் போட்டுக் கொடுத்தேன். பெயர் எழுத வேண்டும், அது கடை வழக்கம். கேட்டேன். ரேவதி என்றாள். இத்தனை மாதமாக வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்று நான் உத்தரவு போட்டிருந்த பெயரை, என் கையாலேயே கவர்மேல் எழுதினேன்.

வாசல்வரை போனவள் நின்று திரும்பி, வந்த காரணத்தைச் சொன்னாள். பதிவு அலுவலகத்தில் கொடுக்க நீ வைத்திருக்கும் போட்டோ நான் எடுத்ததாம். அவளுடையதும் நான் எடுத்ததாக இருக்க வேண்டும் என்று ஒருமுறை அவளிடம் சொன்னாயாம். அதற்குமேல் என்னிடம் ஒன்றும் கேட்க வரவில்லை என்றாள். பிறகு இதைச் சொன்னாள்:

"நான் இங்க வந்தத அவருகிட்ட சொல்ல மாட்டேன் சார். நீங்களும் சொல்லிடாதீங்க. ஏற்கெனவே ஒங்க மேல கோவமா இருக்காரு, இன்னும் ஜாஸ்தி ஆயிடும்."

நீ கட்டிக்கொள்ளப் போகிறவள் என்னை உன்னிடமிருந்து காப்பாற்றுகிறாள். அவளை நான் அவமானப்படுத்திய அதே கால் மணி நேரத்துக்குள். என்னால் "சரிம்மா" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. அதை நினைத்தால் அவளிடம் பேசிய முதல் பேச்சைவிட இந்தச் சரிம்மாவுக்குத்தான் எனக்கு உடம்பு கூசுகிறது. முன்னது ஆள் தெரியாமல் பேசியது என்றாவது சொல்லிக்கொள்ளலாம். தெரியாத பெண்ணாக இருந்தால் பேசலாமா என்று நீ கேட்பாய். பேசக் கூடாது, அதுவும் தெரிகிறது. ஆனால் ஆள் தெரிந்த பிறகும் அவள் கொடுத்த மறைவுக்குள் போய் ஒளிந்துகொண்டேனே.

கடையைப் பூட்டிவிட்டு மெனுவைத் தேடினேன். சேர்த்து வைத்த முகங்கள் என்று ஒரு இடம் இருக்கிறது. சின்னச் சின்னதாக இரண்டு படம். ஒன்று, கண்ணில் கட்டுப் பிரித்த மறுநாள் போல, கறுப்புக் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு சிரிக்கிற உன் அம்மா. இன்னொன்று ரேவதி. என் முகம் இல்லை. எப்படி இருக்கும்? நான்தான் உன் வீட்டு வாசலை மிதிக்கவில்லையே. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு அரிசி களைவதை நிறுத்தாமலே சொன்னாள்: "எனக்கு அங்க வேளா வேளைக்கு கண்ணுல மருந்து விட்டது அந்தப் பொண்ணுதான். ஆபீஸ்லேர்ந்து ஓடியாந்து விடும். சொல்லலாம்னு வாய தொறந்தா நீங்கதான் பேரு எடுக்கக் கூடாதுன்னீங்களே." பிறகு, "ஒங்க கண்ணுக்கு யாரு வந்து விடப்போறாங்களோ" என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் நாங்கள் இருவரும் கீழ்பென்னாத்தூர் போனோம். உனக்குத் தெரியாது. ரேவதி அப்போது சென்னைக்குத் திரும்பியிருந்தாள். அவள் அப்பாவிடமும் அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாசலில் வேர்க்கடலை காய்ந்துகொண்டிருந்தது. அவர் அதை ஒரு பக்கமாகத் தள்ளி எங்களுக்கு வழி விட்டு, துண்டால் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். உட்கார்ந்தோம். அவரைக் காணோம். கொஞ்ச நேரத்தில் கடைத்தெருப் பக்கமிருந்து வேர்த்து விறுவிறுத்து வந்தார். கையில் மூடி திறக்காத தண்ணீர் பாட்டில் இரண்டு. "ஒங்களுக்கு ஒத்துக்காதுன்னு வாங்கியாந்தேங்க" என்று நீட்டினார். வெறுப்பாகச் சொல்லவில்லை, குத்திக் காட்டவும் இல்லை. எங்களைப் போன்றவர்கள் வந்தால் இப்படித்தான் செய்ய வேண்டும் என்று அவருக்குப் பழகியிருக்கிறது. அவருடைய அப்பா அவருக்கு அதைப் பழக்கியிருக்க மாட்டார். என்னைப் போன்ற ஆட்கள் பழக்கியிருக்கிறோம்.

வீட்டில் இருக்கும் தண்ணீரே போதும் என்றேன். அந்த அம்மா தயங்கி, அவர் முகத்தைப் பார்த்து, பிறகு உள்ளே போய்ச் சொம்பில் கொண்டுவந்தார். குடித்தேன். குடித்துவிட்டு, ஏதோ பெரிய காரியம் செய்து முடித்தவன்போல மீசையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தாகத்துக்குத் தண்ணீர் குடித்ததற்கு எனக்கு நானே மாலை போட்டுக்கொள்கிற அளவுக்கு நான் இருந்தேன் பார். அப்போது அவர் சொன்னார், "பொண்ணு சொல்லிச்சுங்க. ஒங்க கடைக்கு வந்துச்சாம். வெய்யில்ல வந்தேன்னு மொதல்ல தண்ணி குடுத்தாரு, நல்லா பொறுமையா போட்டோ புடிச்சாருன்னு சொல்லிச்சு." அந்த அம்மா உள்ளேயிருந்து நான் எடுத்த போட்டோக்களில் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். சாமி படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்திருந்தார்களாம். நான் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தேன், மன்னிப்புக் கேட்கவில்லை. ரேவதி அவர்களிடம் சொன்னது அத்தனையும் உண்மை. சொல்லாமல் விட்டதை நான் சொன்னால் அந்தப் பெரியவர் முகம் என்னாகும் என்று நினைத்தேன். அவருக்காகத்தான் சொல்லவில்லை என்று பஸ்ஸில் அம்மாவிடம் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். உண்மை என்னவென்றால் எனக்கு வாய் வரவில்லை. ஊரெல்லாம் கேட்கப் பேசத் தெரிந்தவனுக்கு இரண்டு பேர் முன்னால் பேச வாய் வரவில்லை.

அதனால்தான் எழுதுகிறேன். சங்கத்துக்காரர்களுக்குக் கேமராவைப் பற்றிச் சொல்ல வேண்டியது இதுதான்: நல்ல கேமரா, வாங்கலாம், ஃபிளாஷோடு எடுப்பதென்றால் முதலில் அந்த இருட்டு வசதியை அணைத்துவிடுங்கள், தெரியாததைத் தெரிந்தவரிடம் கேளுங்கள். உனக்குச் சொல்ல வேண்டியதும் கடைசியில் சொன்னதுதான். கேட்பதில் குறைவில்லை. நான் உனக்குக் கற்றுக் கொடுத்தது தப்பு. ரேவதியோடு வாழும்போது எதையும் முடிவு செய்துவிட்டுச் சொல்லாதே, கேட்டுவிட்டு முடிவு செய். உன் அம்மாவை நான் ஒன்றும் கேட்டதில்லை. பேர் சொல்லாதே என்றேன், அவள் சொல்லவில்லை. அதை அவள் சம்மதம் என்று எண்ணிக்கொண்டு இத்தனை காலம் குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

அவள் உன்னிடம் மறைத்ததற்காக அவளிடம் கோபப்படாதே. கோபம் முழுவதையும் என்மேலேயே வைத்துக்கொள். நீ என்னோடு பேசாமல் இருக்க வேண்டும் என்று தோன்றினால் இரு, நான் தூது அனுப்ப மாட்டேன். கீழ்பென்னாத்தூருக்கு மறுபடி போகிறேன், இந்தத் தடவை தனியாக. நான் சொன்ன வார்த்தையை அந்த வீட்டு வாசலில் நின்று நானே சொல்வேன். அவர் திரும்பிப் போகச் சொன்னாலும் அது அவர் உரிமை. மண்டபமும் மேளமும் இல்லாத கல்யாணம் எனக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை, அதில் நான் மாறவில்லை. ஆனால் அது உங்கள் இருவர் கல்யாணம்.

இந்தக் கடிதத்தை ரேவதியிடம் படிக்கக் கொடு. படித்துவிட்டு அவள் பதில் எழுத வேண்டியதில்லை, மன்னித்துவிட்டேன் என்று சொல்லவும் வேண்டியதில்லை. ஒன்று மட்டும் அவளிடம் கேட்டுச் சொல். பதிவு அலுவலகத்துக்கு நான் வரலாமா? வேண்டாம் என்றால் அம்மாவை மட்டும் பஸ் ஏற்றி அனுப்புகிறேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன். வரலாம் என்றால், எந்தக் கேமராவும் இல்லாமல் வெறும் கையோடு வருகிறேன். இத்தனை வருஷம் கல்யாண வீடுகளில் யார் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான். அன்றைக்கு நான் எங்கே நிற்க வேண்டும் என்று அவள் சொல்லட்டும். அங்கே போய் நிற்கிறேன்.

அப்பா